பாதிப் போர்வை

சாம்பியாவில் ஆசிரியர் வேலை கிடைத்த கணவரோடு யாழ்ப்பாணத்திலிருந்து என்டோலாவுக்குப் போன புனிதவதிக்கு, அங்கே கிடைத்த முதல் சிநேகிதி பக்கத்து வீட்டு புவால்யா. அந்த ஊர்ப் பெண்கள் இடுப்பில் சுற்றும் சித்தெங்கே துணியில் மிஞ்சிய துண்டுகளை இணைத்து, இருவரும் மத்தியானங்களில் மாமர நிழலில் ஒரு போர்வை தைத்தார்கள். அந்த வெக்கைக்குப் பஞ்சு வைக்க முடியாது. உள்ளே வைக்கப் புனிதவதி தன் பழைய, மெல்லிய வாயில் சேலையைக் கொடுத்தாள். ஆளுக்கொரு முனையிலிருந்து தைத்து வந்தார்கள். பிள்ளைகள் பிறந்தார்கள், அவர்களுடைய கிழிந்த சட்டைகளும் அதில் சேர்ந்தன.

கணவரின் ஒப்பந்தம் முடிந்து கனடாவுக்குப் புறப்படும் நாளில், போர்வை யாருக்கு என்ற பேச்சு வந்தது. நீயே வைத்துக்கொள் என்று இருவரும் மாறி மாறிச் சொன்னார்கள். கடைசியில் புவால்யா கத்தரிக்கோலை எடுத்தாள்.

"நல்லா இறுக்கிப் பிடி. என் முகத்தைப் பார்க்காதே."

புனிதவதி பிடித்தாள். துணி வெட்டுப்படும் சத்தம் நெடுநேரம் கேட்டது.

டொராண்டோவில் பனிக்காலம் வந்தால் அந்தப் பாதி வெளியே வரும். குளிருக்குக் காணாது, ஆனாலும் மடியில் விரித்துக்கொள்வாள். ஒருநாள், நூல் பிரிந்து தொங்கிய பக்கம் மகளின் கண்ணில் பட்டது.

"அம்மா, இந்த ஓரத்தை மடிச்சுத் தைச்சு விடட்டே?"

புனிதவதி போர்வையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அது ஓரமில்லை, பிள்ளை. நடு."