கையும் களவுமாக

சரியாகப் பதினோரு மணிக்கு அந்த ஆள் மறுபடியும் நாற்காலியை விட்டு எழுந்தான்.

கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருந்த மேனேஜருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பத்து மணிக்குத்தான் ஒரு தரம் போய் வந்தான். என்ன திமிர்!

பழைய பதிவேடுகளைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற ஆபீஸ் அது. இரண்டாவது மாடி. இருபது பேர் தலையைத் தூக்காமல் தட்டிக்கொண்டிருப்பார்கள். இவன் மட்டும் எழுந்து உலாத்துகிறான். இத்தனைக்கும் வந்து ஒரு மாதம்தான் ஆகிறது; மூன்று மாதம் வேலையைப் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமா இல்லையா என்று முடிவு. வயது நாற்பது, இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். வேலை நிரந்தரமானால்தான் குடும்பம் ஓடும் என்று சேரும்போதே கையைக் கட்டிக்கொண்டு சொன்னவன்.

மேனேஜர் இப்படியெல்லாம் எழுந்து பழகாதவர். கடைநிலை ஆளாக நுழைந்து, பேச்சும் ஏச்சும் வாங்கி, முட்டி மோதி இந்த நாற்காலிக்கு வந்தவர். வந்த நாற்காலியை லேசில் விடுவாரா? ஃபைல் அவரிடம் வரும், தண்ணீர் அவரிடம் வரும். ஆபீஸில் அவருக்கு 'ஆணி' என்று பேர். அடித்த இடத்தை விட்டு அசையமாட்டாராம்.

சர்க்கரை ஏறிக் கால் வீங்கியபோது, அடிக்கடி எழுந்து நடக்கச் சொன்னார் டாக்டர். அவரிடமும் பேரம்தான். அடிக்கடி என்றால் எத்தனை தடவை, கொஞ்சம் குறைக்க முடியாதா, வாரம் பூராவுக்கும் சேர்த்து ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக நடந்துவிடட்டுமா என்று இழுத்தார்.

"இது காய்கறிக் கடை இல்லைங்க. உங்க காலு" என்றார் டாக்டர்.

கடைசியில் மாத்திரைச் சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தார். நடையை அங்கேயே விட்டுவிட்டார்.

ஆனால் இந்த ஆளை விடுவதாக இல்லை. எங்கே போகிறான்? சிகரெட்டா, வெளியே வேறு வேலை பார்க்கிறானா? கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். மேனேஜர் எழுந்தார்.

லிஃப்ட் நிற்கும்போது மணி அடித்துக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் படிக்கட்டு. அவன் முன்னால் இறங்க, இவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பூனை மாதிரி பின்னால் இறங்கினார். கீழே போனவன் வாசலில் நின்று ரோட்டைப் பார்த்தான். சிகரெட் இல்லை. போன் இல்லை. ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத் திரும்பி ஏறினான். இவர் தூணுக்குப் பின்னால் ஒளிந்திருந்து, அவன் போன பிறகு மூச்சிரைக்க ஏறினார்.

ஒன்றும் செய்யாமல் நிற்கிறான் என்றால் பெரிதாக ஏதோ செய்கிறான் என்று அர்த்தம். மேனேஜர் ஒரு நோட்டுப் போட்டார். பன்னிரண்டு மணிக்கு இறங்கினான், இவரும் இறங்கினார். இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் அப்படியே. மறுநாளும் அதற்கு மறுநாளும் அதே கதை. இரண்டு மாதத்தில் நோட்டு நிரம்பியது.

நடுவில் டாக்டரிடம் போனார். சர்க்கரை இறங்கியிருந்தது. கால் வீக்கத்தைக் காணோம். ஒழுங்காக நடக்கிறீர்கள் போலிருக்கிறதே என்று டாக்டர் மெச்சினார். கூச்சப்படாமல் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, மாத்திரை நல்ல மாத்திரை என்று நினைத்துக்கொண்டார்.

மூன்று மாதம் முடிந்தது. அந்த ஆளைப் பற்றிய படிவம் மேஜைக்கு வந்தது. நிரந்தரம், நீக்கம் என்று இரண்டு கட்டம். வேலையில் குறை சொல்ல வழியில்லை. மற்றவர்கள் முடிக்கிற பக்கங்களை அவனும் முடித்திருந்தான், பிழையும் குறைவு. இருந்தால் என்ன? நோட்டு இருக்கிறதே.

'நீக்கம்' கட்டத்தில் டிக் அடித்தார். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் சந்தோஷம் தாங்காமல் வீட்டுக்குப் போன் போட்டு, இரண்டு மாத வேட்டையையும் மனைவியிடம் அளந்தார்.



"அந்தத் தம்பியையா?" என்றாள் மனைவி. "மாத்திரை டப்பாவை மறந்துட்டீங்கன்னு ஒரு நாள் ஆபீசுக்கு எடுத்துட்டு வந்தேனே. கீழ இறங்கி வர முடியாம அவரைத்தானே அனுப்பினீங்க. அன்னைக்கு வாசல்லயே நின்னு அழுதுட்டேங்க. இவரை எப்படியாவது நாலு அடி நடக்க வைங்கன்னு அவர்கிட்ட கெஞ்சினதே நான்தான்."

வேலை போய்விடும் என்று அவனுக்குத் தெரியாதா என்று மேனேஜர் கேட்டார்.

"தெரியாம என்ன? அவரோட பழைய ஆபீசுல பக்கத்து சீட்டுக்காரர் உக்காந்த வாக்குலயே செத்துப் போயிட்டாராம். இன்னொரு தடவை அதைப் பார்க்க மாட்டேன்னாரு."

மேனேஜர் படிவத்தைக் கிழித்தார். வேறு படிவம் எடுத்தார். 'நிரந்தரம்' கட்டத்தில் டிக் அடித்துக் கையெழுத்தும் போட்டார். இருந்தும் மனசுக்குள் ஒன்று குடைந்தது. தானோ டாக்டர் சொல்லியே எழுந்திருக்காத ஆள். அவன் இறங்கினால் பின்னாலேயே தானும் இறங்குவோம் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

அதையும் கேட்டுவிட்டார்.

மனைவி தயங்கினாள். "சொன்னா கோவப்படக் கூடாது."

"சொல்லு."

"'உங்க வீட்டுக்காரர் தன் உடம்புக்காக ஒரு படி இறங்க மாட்டாருக்கா. அடுத்தவன் குத்தத்தைக் கண்டுபிடிக்கணும்னா மலையே ஏறுவாரு'ன்னு சொன்னாருங்க."