உச்சியில் சந்தனம்

கட்டுமர நீளமே இருந்த திமிங்கலக் குட்டி விடியலில் கரையொதுங்கியது. அலை ஏறும்போது தள்ளிவிட்டால் பிழைத்துக்கொள்ளும் என்று வனக்காவலர் தமயந்தி ஈரச் சாக்குகளோடு ஓடிவந்தபோது, அதற்கு மாலை போட்டு வாயருகே தேங்காய் உடைத்திருந்தார்கள். கோயில் நிர்வாகி வேம்புலி அதன் உச்சந்தலையில் இருந்த துளையை நெற்றிக்கண் என்று கண்டுபிடித்து, உள்ளங்கை நிறையச் சந்தனம் எடுத்து அதன்மேல் அப்பினார். நடுவில் குங்குமம் வைத்தார்.

"யோவ், அது மூக்குய்யா! மூச்சு முட்டிச் செத்துடும், தொடய்யா!"

"சாமிக்கு மூக்கு உச்சந்தலையிலயா இருக்கும்? பூட்ஸ் காலோட நிக்கிறா பாரு, இவளை வெளிய தள்ளுங்கடா."

"தண்ணி ஏறுது. ஆளுக்கு ஒரு கை கொடுத்தா கடலுக்குள்ள போயிடும்."

"தேடி வந்த சாமியை எவனாவது திருப்பி அனுப்புவானா?"

யாரோ அவள் கையை முறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். சாக்குகளைப் பிடுங்கி, பெரிய மனிதர்கள் உட்கார விரித்தார்கள். அலை வந்து குட்டியின் வாலை நனைத்துவிட்டுத் திரும்பியது. அதன் உடல் நடுங்கி உப்பியது. சட்டென்று சந்தனம் வெடித்துச் சிதறி, கூட்டத்தின் முகமெங்கும் மஞ்சளும் சிவப்புமாகத் தெறித்தது. எல்லோரும் கண்களை மூடிக் கைகூப்பினார்கள். சிலர் உதட்டில் பட்டதை நக்கிக்கொண்டார்கள். திறந்த துளை ஒரு மூச்சை இழுத்து மூடிக்கொண்டது.

வேம்புலி முகத்தைத் துடைக்கவில்லை. காலிச் சந்தனக் கிண்ணத்தைப் பின்னால் நீட்டினார்.

"இந்த வாட்டி கெட்டியா கரைச்சுக் குடு."