ஏடு கட்டிய தொட்டி

"இந்தத் தொட்டியில என்னத்தைக் கலந்தீங்க? மரியாதையா உண்மையைச் சொல்லிடுங்க!"

சொற்பொழிவாளரின் குரலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எதிரே நின்றது மனைவி, மகள், அப்பா என்று மூன்றே பேர். ஆனால் மூவாயிரம் பேருக்குக் கேட்கும்படிதான் அவருக்குப் பேச வரும். நூறு வயது வாழ்வது எப்படி என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்வது அவருடைய தொழில். கேட்பவர்களுக்கு அன்றைய பொழுதே நூறு வருஷமாகிவிடும்.

மீன்தொட்டியின் தண்ணீர்மேல், ஆறிய பாலில் ஏடு கட்டியதுபோல் மினுமினுவென்று ஒரு படலம். நான்கு மீன்களில் மூன்று போய்ச் சேர்ந்துவிட்டன. மிஞ்சிய ஆரஞ்சு மீன் மேலே வந்து மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தது.

மனைவி தொட்டியருகே குனிந்து அதையே பார்த்தாள். அந்த வீட்டில் வாயைத் திறந்தும் உபதேசம் செய்யாத ஒரே ஜீவன் அதுதான். அதுவும் போய்விட்டால் அவள் யாரோடு பேசுவாள்?

தொட்டி கழுவ வந்தவர் ஒரு செய்தித்தாளைத் தண்ணீர்மேல் பரப்பி, மெல்ல இழுத்தெடுத்தார். முகர்ந்தார்.

"சார், இது மீன் எண்ணெய்."

"மீன் இருந்தா மீன் எண்ணெய் வராதா? இதைக் கண்டுபிடிக்கத்தான் உன்னைக் கூப்பிட்டேனா?"

"மீன் உயிரோட இருக்கே சார். எண்ணெய் வரணும்னா அதைப் பிழியணும். இது பாட்டில் எண்ணெய். மேல இப்படி மூடிக்கிட்டா உள்ள காத்து போகாது. யாரோ தினமும் ஊத்துறாங்க."

மனைவிக்குக் காது சுட்டது. தினமும் காலை ஏழு மணிக்கு ஒவ்வொருவராகத் தனியே கூப்பிட்டு ஒரு மூடி மீன் எண்ணெயைக் கையில் கொடுத்துவிட்டு, கணவர் கண்ணை மூடிக்கொண்டு ஆரோக்கியத்தைப் பற்றி ஐந்து நிமிடம் பேசுவார். அந்த ஐந்து நிமிடம் போதும். வேறெங்கே ஊற்றினாலும் நாற்றம் காட்டிக்கொடுத்துவிடும். மீன்தொட்டியில் மீன் நாற்றம் வந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? மூன்று வாரமாக இதுதான் ஏற்பாடு. ஒரே ஒரு மூடி எண்ணெய் இப்படிக் கொலை செய்யும் என்று யார் கண்டது!

"நான்தாங்க..." என்று அவள் ஆரம்பிப்பதற்குள் மாமனார் செருமினார்.

"டேய், நான்தான்டா. என்னை என்ன வேணும்னாலும் பண்ணிக்கோ. அது என் தொண்டையில இறங்கல."

"மாமா! நீங்களுமா?"

"அய்யோ, அம்மா நீயுமா?" என்று கத்திய மகள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மூவரும் ஒருவரையொருவர் பேயைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

சொற்பொழிவாளர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "அப்பா! இந்த வயசுலயும் உங்க முட்டி எப்படி மடங்குதுன்னு போன வாரம்கூட மேடையில உங்களைத்தானே உதாரணம் காட்டினேன்!"

"முட்டிக்கு என்ன, தினமும் தொட்டி வரைக்கும் நடக்கிறேன்ல?"

"கிண்டல் வேறயா! என்னைப் பாருங்க. எல்லாரும் முடிச்சப்புறம்தான் நான் என் மூடியைக் கையில எடுக்கிறேன். வழிகாட்டுறவன் அப்படித்தான் இருக்கணும். இனிமே தொட்டி என் அறையில இருக்கும். ஒருத்தரும் உள்ள வரக் கூடாது. இரையும் நானே போடுறேன். அந்த மீனை நான் காப்பாத்திக் காட்டுறேன்!"

தொட்டிக்காரர் தொட்டியைத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பி, மேற்பரப்பு அலையடிக்கும்படி பம்பை ஏற்றி வைத்துவிட்டுப் போனார்.

மறுநாளிலிருந்து சொற்பொழிவாளர் கண்ணை மூடவில்லை. மூவரும் விழுங்கி முடித்ததும் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். மாமனாருக்குக் கண் பிதுங்கியது. மகள் மூக்கைப் பிடித்துக்கொண்டாள். மனைவி மட்டும் செத்துப்போன மூன்று மீன்களை நினைத்துக்கொண்டு, தண்டனையாக எண்ணி ஒரே மடக்காகக் குடித்தாள். ஐந்து நாளும் அறைக் கதவைத் தாண்டும்போதெல்லாம் காதை வைத்துக் கேட்டாள். மீனுக்குக் குரல் இருந்தால் தேவலையே என்றிருந்தது.

ஆறாம் நாள் தொட்டிக்காரர் வந்தபோது அவரோடு அவளும் உள்ளே நுழைந்தாள். மற்ற இருவரும் பின்னாலேயே வந்தார்கள்.

ஆரஞ்சு மீன் ஒருபக்கமாகச் சாய்ந்து, மேலே மிதந்தபடி வாயை வாயைத் திறந்துகொண்டிருந்தது. தண்ணீர்மேல் மினுமினுப்பு, ஓரமாக ஒதுங்கிக் கிடந்தது.

"முதல்ல மீனை எடுக்கணும், பக்கெட்டைக் கொடும்மா!" என்று பரபரத்த தொட்டிக்காரர், மீனை மாற்றிவிட்டு, தாளைப் பரப்பி எடுத்து முகர்ந்தார். "அதே எண்ணெய்தான் சார்."

"பழைய மிச்சமா இருக்கும்," என்றார் சொற்பொழிவாளர். குரல் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"கழுவினதும் நான், தண்ணி மாத்தினதும் நான். மிச்சம் எப்படி சார் வரும்?"

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாமனாரைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். மூவருமே ஐந்து நாளாக ஒரு சொட்டு விடாமல் விழுங்கி, நாக்கை நீட்டிக் காட்டியவர்கள்.

இந்த அறைக்குள் அந்த ஐந்து நாளும், காலையில் எல்லோரும் முடித்த பிறகு தன் மூடியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தவர் ஒரே ஒருவர்தான்.