ரெடி, ரெடி என்றாள் நுன்சியா

“அம்மா, ரெடியா?” மிரெல்லா படுக்கையறைக் கதவைத் தட்டினாள்.

“ப்ரோந்தா! ரெடி, ரெடி! ரெண்டே நிமிஷம்!” உள்ளிருந்து நுன்சியாவின் குரல் வந்தது.

கூடத்தில் இருந்த சபதீனோவுக்கு நம்பிக்கை அற்றுப்போனது. அவர் காலை ஆறு மணிக்கே தயார். மழமழவென்று சவரம், கல்யாணத்துக்குத் தைத்த கறுப்புக் கோட்டு, பளபளக்கும் ஷூ. நேப்பிள்ஸில் ஒரு பெண் ‘ப்ரோந்தா’ என்றால் இன்னும் ஒரு செருப்பைத் தேடுகிறாள் என்று பொருள். அவருடைய மனைவி சொன்னால், தேடவே ஆரம்பிக்கவில்லை என்று பொருள்.

நாற்பத்திரண்டு வருடப் பாடு இது. கல்யாணத்தன்று அவள் வந்து சேர்வதற்குள் பாதிரியார் மதியச் சாப்பாட்டை முடித்து ஒரு தூக்கமும் போட்டுவிட்டார். தேனிலவுக் கப்பல் இவர்களுடைய சாமான்களை மட்டும் ஏற்றிக்கொண்டு சிசிலி போய், ஊர் சுற்றிக் காட்டித் திரும்பக் கொண்டுவந்தது.

இன்றைக்கு அப்படி ஆகக் கூடாது. பத்தரைக்குள் மாதா கோயிலில் இருக்க வேண்டும். பதினொன்றுக்கு அங்கே ஒரு கல்யாணம். தவறினால் நாளைக்குத்தான் என்று ஃபாதர் கறாராகச் சொல்லிவிட்டார். ஒரே ஒரு தடவையாவது நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். சபதீனோவுக்கு மிச்சமிருந்த ஆசை அது ஒன்றுதான்.

மாடிப்படி வரை சொந்தக்காரர்கள் நின்றார்கள். எதிர்வீட்டுக்காரி எல்லோருக்கும் காபி கொடுத்தாள். தட்டு இரண்டு முறை சபதீனோவைத் தாண்டிப் போனது. ஒரு வாய் வேண்டுமா என்று அவரை யாரும் கேட்கவில்லை.

“கடைசித் தீர்ப்பு நாளன்னைக்கும் ஏசுநாதர் வாசல்லயே நிப்பாரு, எங்கக்கா லிப்ஸ்டிக் போட்டு முடிக்கிறவரைக்கும்,” என்றான் மைத்துனன் தொனாத்தோ.

“சும்மா இருங்க மாமா! ஃபாதர் மூணு தடவை ஃபோன் பண்ணிட்டாரு.” மிரெல்லா மறுபடி கதவைக் குத்தினாள். “அம்மா!”

இந்த முறை உள்ளிருந்து சத்தமே இல்லை. மணி பத்து இருபது.

‘நுன்சியா, உன் கால்ல விழறேன். இன்னைக்கு ஒரு நாள் மட்டும் என் மானத்தைக் காப்பாத்துடி’ என்று சபதீனோ மனதுக்குள் மன்றாடினார்.

கதவு திறந்தது. லிப்ஸ்டிக் இல்லை, பவுடர் இல்லை, தலைகூட வாரவில்லை. சட்டைப் பொத்தான்கள் மாறிக் கிடந்தன. இத்தனை நேரம் உள்ளே என்னதான் செய்தாள்?

வாசலில் காத்திருந்த நான்கு ஆட்கள் சிகரெட்டை அணைத்துவிட்டு உள்ளே வந்தார்கள். “ரெடியாம்மா?” என்றான் மூத்தவன்.

நுன்சியா சபதீனோவின் கோட்டுக் காலரை நீவிவிட்டாள். நாற்பத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் வந்தது.

“நான் இன்னும் ரெடியாகல... பெட்டிய மூடாதீங்க.”