முழு சிக்னல்

“மேல அஞ்சுன்னு வருதா? நல்லாப் பார்த்துச் சொல்லு” என்றாள் ஜிப்பக்கா.

வருகிறது என்றாள் போன் கடைப் பெண். இதையே எத்தனை தடவை சொல்லியிருப்பாளோ, அவளுக்கே அலுத்துப்போயிருந்தது.

ஜிப்பக்காவுக்கு யார் பேச்சிலும் நம்பிக்கை இல்லை. சூட்கேஸ், ஸ்கூல் பை, பேன்ட் என்று எதன் ஜிப் அடம்பிடித்தாலும் தட்டிக்கொட்டி வழிக்குக் கொண்டுவந்துவிடுகிறவள், இந்த ஃபைவ் ஜி விஷயத்தில் மட்டும் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அவள் தையல் மெஷின் போட்டிருக்கும் இடத்துக்குப் பக்கத்துச் சலவைக்கடைக்காரர், ஐந்து மடங்கு வேகம் என்றார். சாவி வெட்டுகிறவர், எல்லாம் ஏமாற்று வேலை, பழைய போனில் சிம்மை மாற்றினாலே போதும் என்றார். சலவைக்கடைக்காரரின் மச்சான், அதெல்லாம் டவருக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்குத்தான் என்று ஒரே போடாகப் போட்டார்.

கடைப் பெண் தன் பங்குக்கு, ஒரு முழு சினிமா கண்ணை மூடித் திறப்பதற்குள் இறங்கிவிடும் என்றாள்.

“சினிமா எனக்கு எதுக்கும்மா? என் பையன்கிட்டருந்து ஒரே ஒரு பதில் இறங்கினா போதும்.”

அந்தப் பதிலுக்காகத்தான் இவ்வளவு பாடும்.

வயிற்றில் ஒரு கட்டி. எடுத்தே ஆகவேண்டும், வீட்டு ஆள் ஒருவர் கூட இருக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டு ஆள் என்று அவளுக்கு இருப்பது குடும்பத்தோடு வெளியூரில் தங்கி வேலை பார்க்கும் ஒரே மகன். ஆபரேஷனுக்கு வருவாயா என்று அவள் வீடியோ காலில் வாயைத் திறக்கும்போதெல்லாம், அந்த நேரம் பார்த்துப் படம் நின்றுவிடும். மகன் பாதி திறந்த வாயோடு அப்படியே இருப்பான். பிறகு லைன் போய்விடும். ‘சிக்னல் இல்லம்மா’ என்று ஒரு மெசேஜ் வரும்.

மெசேஜில் கேட்கிற விஷயமா இது? முகத்தைப் பார்த்துக் கேட்கவேண்டாமா?

வருகிறேன் என்றுதான் சொல்லியிருப்பான், பாழாய்ப்போன போன் நடுவில் தின்றுவிடுகிறது என்று அவள் உறுதியாக இருந்தாள். அந்த நம்பிக்கையில் ஆபரேஷன் தேதியை இரண்டு தடவை தள்ளியும் போட்டாயிற்று.

கடைப் பெண் நம்பரை அழுத்திக் கொடுத்தாள். புதுப் போனில் மகன் வந்தான்.

அடேயப்பா! பழைய போனில் கலங்கிய தண்ணீருக்குள் உட்கார்ந்து பேசுகிறவனைப் போல இருப்பான். இதில் மீசையில் எட்டிப்பார்க்கும் ஒற்றை நரைமுடிகூடத் தெரிந்தது. சட்டைக் காலரில் தையல் விட்டிருந்தது. பின்னால் சோபா, அதன்மேல் மடிக்காத துணிகள். ஜிப்பக்கா பூரித்துப்போனாள்.

“புதுப் போனாம்மா? சூப்பரா தெரியறீங்க!” என்று அவனும் சிரித்தான்.

இனி என்ன தயக்கம்? அவள் கேட்டேவிட்டாள்.

“ஆபரேஷனுக்கு வருவியாப்பா?”

படம் நின்றுவிட்டது.

அதே பாதி திறந்த வாய்.

ஜிப்பக்காவுக்கு வந்ததே கோபம். “பாத்தியா, இதுவும் நின்னுடுச்சு! இதுக்கா அவ்வளவு பேச்சுப் பேசினே?” என்று போனைக் கடைப் பெண்ணின் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

அவள் பதறிப்போய்க் குனிந்து பார்த்தாள். “முழு சிக்னல் இருக்கேம்மா...” என்று ஆரம்பித்தவள், சட்டென்று வாயை மூடிக்கொண்டாள்.

ஜிப்பக்கா போனைத் திருப்பினாள்.

மகன் அசையவில்லை. ஆனால், சோபாவில் கிடந்த துண்டு மின்விசிறிக் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது.

அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை. நின்றுபோன படத்தில் துண்டு எப்படி ஆடும்? ஃபைவ் ஜியில் ஆள் மட்டும்தான் நின்றுபோவாரோ என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். பாவம், அப்படி நினைக்கத்தான் அந்த மனம் ஆசைப்பட்டது.

அப்போது, உள்ளேயிருந்து பேத்தி பொம்மையோடு ஓடிவந்தாள். அப்பாவைப் பார்த்தாள். அவன் கையிலிருந்த போனைப் பார்த்தாள்.

மறுகணம், ஒரு காலைத் தூக்கியபடி அவளும் அப்படியே நின்றுவிட்டாள். கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

யாரும் அவளுக்கு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. நன்றாகப் பழகிய விளையாட்டு.

ஜிப்பக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெற்ற பிள்ளை, ‘வரமுடியாதும்மா’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட இப்படி வலித்திருக்காது. இத்தனை நாளும் போனையல்லவா திட்டிக்கொண்டிருந்தாள்!

“டவர் பிரச்சனைம்மா. சில நேரம் இப்படித்தான் ஆகும்” என்றாள் கடைப் பெண். அவள் நிமிரவே இல்லை.

ஜிப்பக்கா பேத்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகனுக்கு நாள் முழுக்கக்கூட அப்படியே இருக்க முடியும் போலிருந்தது. குழந்தைக்கு முடியுமா? தூக்கிய கால் நடுங்க ஆரம்பித்திருந்தது. உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

பிள்ளை விழுந்துவிடப்போகிறதே என்று, ஜிப்பக்கா லைனைத் துண்டித்தாள்.