காந்தம்

"பிளாப்பிய எடு."

அவள் கேமராவை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"இதுல பிளாப்பி இல்ல சார். கார்டு."

"என்ன எழவோ. எடு."

இன்ஸ்பெக்டரின் பூட்ஸில் ஊதாச் சேறு. சாயப்பட்டறைக் கழிவு கலந்த ஆற்றுச் சேறு. மறியலில் கீழே விழுந்த ஒருவரின் கழுத்தில் சற்று முன்பு அந்த பூட்ஸ் இருந்தது.

அந்தப் படம் அவளிடம் மட்டும்தான் இருந்தது.

ஆம்புலன்ஸ் போய்விட்டது. கல் தடுக்கி விழுந்தார் என்று வயர்லெஸ்ஸில் யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கயிற்றுக்கு அப்பால் மற்ற நிருபர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கார்டைப் பறித்தால் செய்தி. உடைத்தாலும் செய்தி. அழித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் ஒன்றுமில்லை.

அவள் கழற்றிக் கொடுத்த கார்டை இன்ஸ்பெக்டர் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். தபால்தலை அளவு.

பிறகு ஜீப்பின் பின்பக்கம் நடந்தார்.

அங்கே கழற்றிப் போட்ட ஒலிபெருக்கி ஒன்று கிடந்தது. அதன் முதுகில் வட்டக் காந்தம்.

அந்தக் காந்தத்தை ஊருக்கே தெரியும். ஏட்டு அருளப்பன் ஒருமுறை ஸ்டேஷன் கேமராவின் படங்கள் பதிந்த பிளாப்பிகளை அதன்மேல் வைத்துவிட்டார். ஒரு கொலை வழக்கின் படங்கள் மொத்தமும் போயின. இன்ஸ்பெக்டர் அவரைக் கடைத்தெருவில் வைத்து அறைந்தார்.

அருளப்பன் இப்போது ஜீப்பருகே நின்றிருந்தார். கழுத்தில் செங்கல் கனத்தில் அதே கேமரா. சட்டைப்பையில் பிளாப்பிகள்.

காலையில் டீக்கடையில் அவளைச் சீண்டியவர் அவர்தான்.

"இத்தனூண்டுல நூறு படமா? தும்முனா பறந்துரும் மேடம். என்னோடது பத்துப் படம்னாலும் கையில பிடிக்கலாம்."

அவளும் விடவில்லை. காந்தம் பட்டால் பிளாப்பிதான் அழியும், கார்டுக்கு ஒன்றும் ஆகாது என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

அதை இப்போது நினைத்தாள்.

இன்ஸ்பெக்டர் கார்டைக் காந்தத்தில் தேய்த்தார். அழுத்தித் தேய்த்தார்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

தேய்ப்பது நின்றது.

"யோவ் அருளப்பா. கேமரா புடிக்கிறவன் நீதான? இதுவும் உன் பிளாப்பி மாதிரி அழிஞ்சிரும்ல?"



அவள் நிமிர்ந்தாள். அருளப்பன் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் நட்பு இல்லை. காலையில் இருந்த அதே வெறுப்பு.

அவர் கை மெல்ல எழுந்து தன் கன்னத்தைத் தடவிவிட்டு இறங்கியது.

"அழிஞ்சிரும் ஐயா" என்றார். "ரெண்டு பக்கமும் தேய்ங்க."