விலை கேட்கும் வீடு

அந்தக் காலனியில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அன்றைய விலை ஒளிரும். உள்ளே பேசுவதைக் கேட்டு வீடே அதை ஏற்றும், இறக்கும். பக்கத்துக் கார் தொழிற்சாலையை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பியதிலிருந்து, பரிமளா வீட்டுக்குள் பெருமூச்சுகூட விடுவதில்லை. போன வாரம் அவள் வாய்தவறி "கடவுளே" என்றதற்கே விலை சரிந்து, என்ன விஷயம் என்று வீட்டுக் கடன் கொடுத்த வங்கியிலிருந்து ஃபோன் வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை, அந்தத் தொழிற்சாலையில் வெல்டராக இருந்த அவள் கணவன் ஞானசேகரன் மதியமே வந்து நின்றான்.

"என்னங்க, இவ்வளவு சீக்கிரம்?"

அவன் கூரையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னான்: "எனக்கு புரமோஷன் குடுத்துட்டாங்க பரிமளா. கம்பெனியை இன்னும் பெருசாக்கப் போறாங்களாம்."

வாசலில் விலை கிடுகிடுவென்று ஏறியது. அவன் கண்கள் கலங்கியிருந்தன. பரிமளாவுக்குப் புரிந்துவிட்டது.

"ரொம்ப சந்தோஷம்ங்க" என்றாள், குரல் நடுங்காமல். "வாங்க, கொஞ்சம் காத்தாட நடந்துட்டு வரலாம்."

காலனிக்கு வெளியே, பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் ஒரு பொட்டல் உண்டு. அங்கே போய் அவன் தோளில் சாய்ந்து அழலாம் என்று நினைத்தாள். ஆனால் நிற்க இடமில்லை. அன்று புரமோஷன் கிடைத்த அத்தனை பேரும் மனைவிமாரோடு வந்து அழுதுகொண்டிருந்தார்கள்.